குளியலறைக்கு மேலே

நவம்பர் பாதி தாண்டியும் வின்னிபெக்கில்
இன்னும் பனி விழவில்லை.
உறைபனி மட்டும்.
பேருந்துப் பணிமனையில் இரவு முழுக்க
பிரேக் கட்டை மாற்றிவிட்டு
காலை எட்டுக்கு எங்கள் தெருவுக்குள் திரும்பினால்
ஒவ்வொரு கூரையும்
ராத்திரி உள்ளே நடந்ததை
வெளியே காயப் போட்டிருக்கும்.

பௌதிஸ்தா வீட்டில் மரச்சட்டங்கள்
விலா எலும்பு மாதிரி வரிவரியாய்த் தெரியும்.
பஞ்சு போதாத வீடு,
எரிவாயுக் கட்டணத்தில் பாதி வானத்துக்கு.
மூலை வீட்டு ஒலெக்சுக்கின் கூரையோ
ஒரே சீரான வெள்ளை,
கடன் இல்லாதவன் சட்டை.
பொறாமைப்பட்டேன்.
அவர் போன மாதமே அரிசோனா போய்விட்டார்
என்று பிறகுதான் தெரிந்தது.

எங்கள் கூரையில்,
வடக்குச் சரிவில், குளியலறைக்கு நேர் மேலே
ஒரு கறுப்பு.
திங்களன்று சாப்பாட்டுத் தட்டளவு.
செவ்வாய், அதைவிடக் கொஞ்சம் பெரிது.
புதன் அவளுக்கு விடுமுறை:
வியாழன் காலை கூரையில் ஒன்றுமே இல்லை.
வெள்ளிக்கிழமை
ஓர் ஆள் படுத்து எழுந்த பாயளவு ஈரம்,
கீழ் விளிம்பில் வழிந்து மறுபடி உறைந்து
கண்ணாடி நாக்கு ஒன்று தொங்கியது.

நான் வரும்போது அங்கை கிளம்பியிருப்பாள்.
கோழி பொட்டலமிடும் ஆலை,
உள்ளே எப்போதும் இரண்டு டிகிரி,
ரப்பர் கையுறைக்குள் பருத்திக் கையுறை.
ராத்திரி பத்துக்கெல்லாம்
அடித்துப் போட்ட மாதிரி தூங்கிவிடுவேன்
என்றுதான் சொல்வாள்.

சனிக்கிழமை
அலமாரிக்கு மேலிருந்த பலகையைத் தள்ளி
பரணுக்குள் தலை நுழைத்தேன்.
டார்ச் வெளிச்சத்தில்
கூரை ஆணிகளின் முனைகள் அத்தனையும்
உள்நோக்கி நீட்டிக்கொண்டிருந்தன.
ஒவ்வொன்றின் நுனியிலும் வெள்ளை மொட்டு.
ரசம் கொதித்த ஆவி, துணி காய்ந்த ஆவி,
போன வாரம் பணத்துக்காகப் போட்ட சண்டை,
என் பகல் குறட்டை,
எல்லாம் ஏறி வந்து
முதலில் கிடைத்த குளிர்ந்த இரும்பைப்
பிடித்துக்கொண்டிருக்கிறது.
மூச்சு விட்டேன்.
அதுவும் போய் ஒட்டியது.

கறுப்புக்குக் காரணம் சாதாரணம்.
குளியலறை விசிறியின் வெள்ளிக் குழாய்
வளையத்திலிருந்து கழன்று
வாயைப் பிளந்து மேலே பார்த்துக் கிடந்தது.
பலகை தொட்டால் விரலில் கறுப்பு,
ஈரக் காகித வாசம்.

ஏணியில் பாதி இறங்கியபோதுதான் உறைத்தது.
விளக்கைப் போட்டால் தானாகச் சுழலும் விசிறி அது.
மாலைக் குளியலுக்கு அத்தனை ஈரம் இருக்காது.
யாரோ நடுராத்திரியில்
வெந்நீர்க் குழாயைத் திறந்து
வெகுநேரம் மூடாமல் நிற்கிறார்கள்.
குளிக்கவில்லை,
துண்டு காய்ந்தே கிடக்கும்.
கையை மட்டும் காட்டிக்கொண்டு.

தட்டளவு என்றால் அரை மணி.
பாயளவு என்றால்?

இருபத்தொரு டாலருக்கு
புது வளையமும் அலுமினியம் டேப்பும் வாங்கி
குழாயை வெளியே செலுத்தினேன்.
செவ்வாய்க்கிழமை காலை
எங்கள் கூரையும் ஒரே சீரான வெள்ளை.
பலகை இனி அழுகாது.
நல்ல வேலைதான்.
காரை நிறுத்திவிட்டு
இறங்காமல் உட்கார்ந்திருந்தேன்.
நேற்று ராத்திரி எவ்வளவு நேரம்
என்று சொல்ல இருந்த ஒரே ஆளின் வாயை
நானே டேப் போட்டு ஒட்டியிருக்கிறேன்.

சாயங்காலம்
அவள் சோறு வடித்துக்கொண்டிருந்தபோது கேட்டேன்:
"ராத்திரியில் கை ரொம்ப வலிக்குதா?"
"யார் சொன்னது?"
மேலே பார்த்தேன்.
அவளும் பார்த்தாள்.
கூரைத் தட்டியில் தேநீர் நிறத்தில் சின்னதாய் ஒரு கறை,
வெள்ளையடிக்க வேண்டும் என்று
நான் தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்பது.

கரித்துணியைக் கீழே வைத்தாள்.
வலது கையை விரிக்கப் பார்த்தாள்,
முழுதாய் விரியவில்லை.
"இந்த ரெண்டு விரல் மட்டும்தான்" என்றாள்.